படிக்க ஆளில்லாத எழுத்து

யந்திரம் எழுதக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், இந்த விஷயத்தைப் பற்றி நான் வாயைத் திறந்ததுமே, "நீங்கள் எழுத்தாளர், யந்திரம் எழுதினால் உங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் சில சிநேகிதர்கள். எனக்கு எந்த யந்திரத்தின் மீதும் பொறாமை கிடையாது. கிரைண்டர் வந்ததில் ஆட்டுக்கல்லுக்கு வேண்டுமானால் வருத்தம் இருக்கலாம். அதில் மாவாட்டிக் கை ஓய்ந்த பெண்ணுக்கு வருத்தம் இருக்க நியாயமில்லை. என் சண்டை யந்திரம் எழுதுகிறதே என்பது அல்ல. அது எழுதுவதை ஒருவரும் படிப்பதில்லையே என்பதுதான்.

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் சமாசாரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன் நான். என் கதைகள் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துப் பல வருஷங்கள் கழித்துத்தான் சோறு வாங்கிக் கொடுத்தன. நடுவில் இருந்த காலமெல்லாம் புரோகிராம் எழுதித்தான் ஜீவனம் நடந்தது. ஆகவே நான் கேள்வி ஞானத்தில் பேசவில்லை; கூலி வாங்கிய தொழிலைப் பற்றிப் பேசுகிறேன்.

வெப் சர்வீஸ் என்பது ஒரு தபால் ஏற்பாடு. ஒரு ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டர் இன்னொரு ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டருக்குக் கடிதம் எழுதுகிறது. அது பதில் போடுகிறது. ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுகிறது. கடை பாங்கிக்கு எழுதுகிறது. கடிதம் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், எதை எழுதாமல் விடக் கூடாது, எதை விட்டாலும் பாதகமில்லை என்பதையெல்லாம் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தமாக எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஒப்பந்தத்தைக் கொடுத்தால், கடிதம் எழுதுகிற புரோகிராமைத் தானே எழுதித் தருகிற கருவிகள் இருக்கின்றன. ஜெனரேட்டர் என்று பெயர். மின்சாரம் போனால் புகைவிட்டுக்கொண்டு ஓடுமே, அது அல்ல. ஆனால் சத்தமும் புகையும் இதிலும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

2000-ஆம் வருஷத்தை ஒட்டி 'சோப்' என்றொரு கடித முறை உலகத்துக்கு அறிமுகமாயிற்று. அந்தப் பெயரின் முதல் எழுத்து 'எளிமை' என்பதற்கான ஆங்கில வார்த்தையிலிருந்து வந்தது. பிறகு 2003-இல் அதன் அடுத்த பதிப்பு வந்தபோது, இனிமேல் இந்தப் பெயர் எந்த வார்த்தைகளின் சுருக்கமும் அல்ல, வெறும் பெயர்தான் என்று ஆக்கிவிட்டார்கள். எளிமை காணாமல் போய்விட்டது என்பதை இதைவிட நாகரிகமாக ஒப்புக்கொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த முறைக்கு ஒப்பந்தம் எழுதுவதற்காக ஒரு பாஷை தயாராயிற்று. டபிள்யு.எஸ்.டி.எல். என்பது அதன் பெயர். மைக்ரோசாப்டும் ஐ.பி.எம்.மும் அரிபா என்ற கம்பெனியும் சேர்ந்து வெளியிட்டன. 'இந்தப் பாலிஸி நம்பருக்கு எவ்வளவு பாக்கி?' என்று ஒரு கேள்வி. 'இவ்வளவு' என்று ஒரு பதில். இதைச் சொல்லுவதற்கு அந்த ஒப்பந்தத்தில் ஐந்து பகுதிகள் வேண்டும். இன்னின்ன வகைகள் என்று ஒன்று, இன்னின்ன செய்திகள் என்று ஒன்று, இன்னின்ன காரியங்கள் என்று ஒன்று, அவை எப்படிப் பயணம் செய்யும் என்று ஒன்று, எந்த விலாசத்துக்கு என்று ஒன்று. ஒரு பகுதி இன்னொரு பகுதியைக் கை காட்டும். அது வேறொன்றைக் கை காட்டும். சர்க்கார் ஆபீஸில் ஒரு சர்டிபிகேட்டுக்காக மாடிப்படி ஏறி இறங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

"இதை மனிதன் படிக்க முடியாதே?" என்று கேட்டால், "மனிதன் எதற்குப் படிக்க வேண்டும்? அதற்குத்தானே கருவி இருக்கிறது!" என்கிறார்கள். "கருவி எதற்கு?" என்றால், "இவ்வளவு சிக்கலானதை மனிதன் எப்படிக் கையால் எழுதுவான்?" என்கிறார்கள். இந்தத் தர்க்கத்தின் அழகைச் சற்று நின்று ரசியுங்கள். கருவி இருப்பதால் ஒப்பந்தம் சிக்கலாயிற்று. ஒப்பந்தம் சிக்கலானதால் கருவி இன்றியமையாததாயிற்று. சேற்றைக் குழைத்தவனே செருப்பும் விற்கிறான்.

சரி, யந்திரங்களுக்காவது அந்த ஒப்பந்தம் புரிந்ததா? அதுவும் இல்லை. ஒரே ஒப்பந்தத்தை ஜாவாக்காரர்களின் கருவி ஒரு விதமாகவும் டாட் நெட்காரர்களின் கருவி வேறு விதமாகவும் படித்தது. இவர் எழுதிய கடிதம் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் 2002-இல் பெரிய கம்பெனிகளெல்லாம் கூடி ஒரு சங்கம் அமைத்தன. ஒப்பந்த பாஷையில் எந்தெந்தப் பகுதிகளை உபயோகிக்கலாம், எவற்றைத் தொடவே கூடாது என்று 2004-இல் ஒரு விதிநூல் வெளியிட்டார்கள். ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதற்காக ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்வதற்காக இன்னொரு ஒப்பந்தம்!

இதெல்லாம் மேதாவிகளின் தலைவலி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான் கண்ணால் கண்ட ஒரு சங்கதியைச் சொல்கிறேன். ஸ்தாபனத்தின் பெயர் வேண்டாம்.

நான் உத்தியோகம் பார்த்த இடத்தில், ஆஸ்பத்திரிச் செலவுக் கணக்கை இன்ஷூரன்ஸுக்கு அனுப்புகிற புரோகிராம் ஒன்று இருந்தது. அறை வாடகை இவ்வளவு, ஆபரேஷன் இவ்வளவு, மருந்து இவ்வளவு என்று கடிதம் போகும். எல்லா நோயாளிக்கும் வெளி மருந்து வாங்க வேண்டியிராது அல்லவா? ஆகவே மருந்துத் தொகை என்ற இடம் 'விட்டாலும் பாதகமில்லை' என்ற வகையில் ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த நாளைய டாட் நெட் கருவிக்கு ஒரு வழக்கம். விட்டாலும் பாதகமில்லாத எண்ணோ தேதியோ ஒன்று இருந்தால், அதற்குப் பக்கத்தில் 'இது குறிப்பிடப்பட்டிருக்கிறதா?' என்று ஆம்-இல்லை போடுகிற இடம் ஒன்றையும் அதுவே உண்டாக்கிவிடும். அதில் 'ஆம்' என்று போடாவிட்டால், நீங்கள் எழுதிய தொகை கடிதத்தில் ஏறாது. நீங்கள் ஒன்றும் போடாமல் இருந்தால் அது 'இல்லை' என்றே இருக்கும். தொகையை எழுதியாயிற்று, ஆனால் 'தொகையை எழுதியிருக்கிறேன்' என்று தனியாகச் சொல்லவில்லை, ஆகவே எழுதவில்லை என்று அர்த்தம்! தவறு என்று ஒரு கூச்சலும் கிடையாது. கடிதம் அழகாகப் போகும். அழகாகப் பதில் வரும்.

அந்த வேலையைச் செய்தவன் இருபத்திரண்டு வயசுப் பையன். 18,400 ரூபாய் மருந்து வாங்கியவருக்கு 18,400 என்றுதான் அவன் புரோகிராம் எழுதி வைத்தது. அவன் எழுதிய வரிகளை நூறு முறை படித்தாலும் அவற்றில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. ஒரு மாசத்துக்கு மேலாக நோயாளிகளுக்கு மருந்துப் பணம் வராமல், யாரோ ஒரு பெண்மணி ஆஸ்பத்திரிக் கௌண்டரில் சண்டை பிடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பியில் போகிற கடிதத்தையே பிடித்து வைத்துப் படித்தோம். மருந்துத் தொகை என்ற இடமே அதில் இல்லை. இத்தனை நாள் அந்தக் கடிதத்தை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வதுதானே கருவியின் பெருமை!

யார் குற்றவாளி? ஒப்பந்தம் எழுதியவரைக் கேட்டால், "ஒப்பந்தம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். கருவியைக் கேட்க முடியாது. அது தன் வழக்கப்படி நடந்துகொண்டது. அந்தப் பையனுக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு இல்லை. பெண்மணிக்குக் கிடைக்க வேண்டிய பணம் கிடைக்க இன்னும் இரண்டு மாசம் பிடித்தது. யந்திரத்தின் வழக்கத்துக்கு மனிதர்கள் அபராதம் கட்டினார்கள்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கிரயப் பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். 'மேற்படி', 'சகல பாத்தியங்களுடன்' என்று அவர் எழுதுகிற பாஷையும் பாமரனுக்குப் புரியாததுதான். ஆனால் பத்திரத்தின் கடைசியில் 'எழுதியவர்' என்று அவர் பெயரும் கையெழுத்தும் இருக்கும். நாளைக்கு வில்லங்கம் வந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் உண்டு. ஜெனரேட்டர் எழுதிய கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் வரிகளிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கும்: இது கருவி எழுதியது, இதில் கை வைக்காதே, வைத்தால் அடுத்த முறை எழுதும்போது நீ எழுதியது அழிந்துபோகும் என்று. எழுதியவன் பெயர் இல்லை. திருத்தும் உரிமையும் இல்லை. ஆனால் கெட்டுப்போனால் பொறுப்பு மட்டும் நம்முடையது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. பெயர் வைக்கிற கோபம். ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைக்க நான் இரண்டு நாள் யோசித்ததுண்டு. பெயர் என்பது படிக்கிறவனுக்குச் செய்கிற மரியாதை. இந்தக் கருவிகள் வைக்கிற பெயர்களைக் கேளுங்கள்: 'ஆர்க்0', 'ஆர்க்1'. 'ஐட்டம்', 'ஐட்டம்ஸ்'. 'ஐட்டம்சாய்ஸ்டைப்1', அதற்குத் தம்பி 'ஐட்டம்சாய்ஸ்டைப்2'. ஒன்று நோயாளியின் விலாசமாக இருக்கும். இன்னொன்று அவர் வியாதியாக இருக்கும். ஒப்பந்தத்தில் நடுவே ஒன்றைப் புதிதாகச் சேர்த்துவிட்டு மறுபடியும் கருவியை ஓட்டினால், நேற்று ஒன்றாம் நம்பராக இருந்தது இன்றைக்கு இரண்டாம் நம்பராகிவிடலாம். ஜெயிலில்கூடக் கைதியின் நம்பரை இப்படி மாற்றுவதில்லை.

இவையெல்லாம் சில்லறைக் குற்றங்கள் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல பெயர் வைக்கிற, தொகையை விழுங்காத ஒரு கருவியை நாளைக்கு யாராவது செய்யலாம். அப்போதும் ஒரு பெரிய குற்றம் மிஞ்சும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டுகிற குற்றம்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1984-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் ஆண்ட்ரூ பிர்ரெல், புரூஸ் நெல்சன் என்ற இருவர், தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டரிலுள்ள ஒரு காரியத்தை, நம் புரோகிராமுக்குள்ளேயே இருப்பதுபோல் கூப்பிடுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். நடுவில் இருக்கும் தபால் வேலையைச் செய்யும் புரோகிராமைக் கருவியே எழுதும் ஏற்பாடு அப்போதே இருந்தது. சாமர்த்தியமான வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து, 1994-இல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜிம் வால்டோவும் அவருடைய மூன்று சகாக்களும் ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார்கள். பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றல்ல. ஒன்றுபோல் காட்டுவது ஆபத்து என்பது அதன் சாரம். தாமதம் ஆகும் என்பது ஒரு வித்தியாசம். அதைவிட முக்கியமானது, பாதி மட்டும் செத்துப்போவது. ஒரே புரோகிராமுக்குள் கூப்பிட்டால், விழுந்தால் இருவரும் சேர்ந்துதான் விழுவார்கள். தூரத்தில் கூப்பிட்டால், அவன் விழுந்தானா, கம்பி அறுந்ததா, பதில்தான் வழியில் தொலைந்ததா என்று இவனுக்குத் தெரியாது.

கருவி எழுதித் தருகிற புரோகிராமில் 'பணம் எடு' என்று ஒரு வரி இருக்கும். பார்ப்பதற்கு 'இரண்டையும் கூட்டு' என்ற வரியைப் போலவே இருக்கும். உங்கள் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் எடுக்கச் சொல்லிக் கடிதம் போய்விட்டது. பதில் வரவில்லை. பணம் எடுக்கப்பட்டதா இல்லையா? மறுபடியும் அனுப்பினால் இரண்டு முறை எடுக்கப்படலாம். அனுப்பாவிட்டால் ஒரு முறைகூட எடுக்கப்படாமல் போகலாம். இது பாங்கியையும் கடையையும் கட்டி வைத்திருக்கும் நிஜமான பிரச்னை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தனி நம்பர் கொடுத்து, 'இந்த நம்பரை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்' என்று அந்தப் பக்கம் சொல்லும்படி ஏற்பாடு செய்துதான் இதைத் தீர்க்க வேண்டும். அந்த யோசனை எப்போது வரும்? கடிதம் எழுதுகிறோம் என்ற நினைப்பு இருந்தால் வரும். அடுத்த அறையில் இருப்பவனைக் கூப்பிடுகிறோம் என்ற பிரமையில் இருப்பவனுக்கு எப்படி வரும்?

இங்கே ஒருவர் எழுந்து, "கம்பைலரும் கருவிதானே? அது எழுதுகிற யந்திர பாஷையை நீர் படிக்கிறீரா?" என்று கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் கம்பைலர் நாணயமான வேலைக்காரன். நான் எழுதியதற்கு என்ன அர்த்தமோ அதையே செய்கிறான்; தவறு இருந்தால் நான் எழுதிய வரியைக் காட்டியே சொல்கிறான். அவன் எழுதியதைக் கொண்டுவந்து என் வீட்டுக் கூடத்தில் கொட்டி, 'இனிமேல் இது உன் சாமான்' என்று சொல்வதில்லை. ஜெனரேட்டரோ ஆயிரக்கணக்கான வரிகளை என் புரோகிராமுக்குள் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. நடு ராத்திரியில் அதற்குள் ஏதாவது உடைந்தால் அந்த வரிகளுக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான்தான் இறங்க வேண்டும்.

அந்தக் கருவி நம்மோடு கடைசி வரை வரும் என்பதும் நிச்சயமில்லை. ஜாவாவோடு கூடவே வந்துகொண்டிருந்த 'டபிள்யு.எஸ்.இம்போர்ட்' என்ற ஜெனரேட்டரை 2018-இல் வந்த பதினோராம் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். தனியாகத் தேடிப் போய் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதை நம்பிக் குடித்தனம் நடத்தியவர்கள் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

"அதெல்லாம் பழைய கதை, சோப்புக் காலம் போய்விட்டது" என்பார்கள். போகட்டும். அதன் பிறகு கடிதங்கள் எளிமையாயின. ஒரு மனிதன் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி இருந்தன. கொஞ்ச நாள் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 2011-இல் 'ஸ்வாகர்' வந்தது. பிறகு அதுவே ஓப்பன் ஏ.பி.ஐ. என்று பெரிய சபையின் ஒப்பந்த பாஷையாயிற்று. வந்ததும் வராததுமாக அதற்கும் ஜெனரேட்டர்! 2018-இல் அந்த ஜெனரேட்டருக்கு உழைத்தவர்களில் நாற்பது பேருக்கு மேல் பிரிந்து போய்த் தனி ஜெனரேட்டர் ஆரம்பித்தார்கள். ஒப்பந்தத்தில் பெயர் வைக்காமல் விட்ட பதில்களுக்கு இந்தக் குடும்பத்துக் கருவிகள் பல வருஷங்கள் வைத்துக்கொண்டிருந்த பெயர் 'இன்லைன்ரெஸ்பான்ஸ்200'. அதே மாதிரி இன்னொன்று இருந்தால் 'இன்லைன்ரெஸ்பான்ஸ்2001'. இது வருஷம் அல்ல. இருநூறுக்குப் பக்கத்தில் ஒன்று! பாட்டியின் மூக்குப் பேத்திக்கு வந்திருக்கிறது.

இப்போது கேட்டதற்கெல்லாம் புரோகிராம் எழுதித் தருகிற செயற்கை மூளை வந்திருக்கிறது. அது நல்ல பெயர்கள் வைக்கிறது, பக்கத்திலேயே விளக்கமும் எழுதுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி மாறவில்லை: படித்தது யார்? பார்க்க அழகாக இருப்பதாலேயே படிக்காமல் விடுகிற ஆசை இன்னும் அதிகமாகிறது. அசிங்கமான எழுத்தாவது நம்மைச் சந்தேகப்பட வைத்தது.

என்னதான் செய்யச் சொல்கிறீர் என்று கேட்டால், நான் கேட்பது பிரமாதமான காரியம் ஒன்றுமில்லை. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், போகிற கடிதத்தில் ஒன்றையும் வருகிற கடிதத்தில் ஒன்றையும் முழுசாக, நிஜமான எண்களோடு, மனிதன் படிக்கும்படி முதல் பக்கத்தில் போடட்டும். தங்கள் ஒப்பந்தத்தைத் தங்களுக்குப் பழக்கமில்லாத வேறொரு பாஷையின் கருவியில் ஒரு முறை கொடுத்து, வெளியே வருவதைத் தாங்களே படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஊருக்குக் கொடுக்கட்டும். தனக்குப் பிடிக்காத சமையலைப் பந்திக்கு அனுப்புகிற சமையற்காரரை யாரும் மதிப்பதில்லை. கருவியை உபயோகிக்கிறவர்கள், கடிதத்தின் வடிவங்களை வேண்டுமானால் கருவியை விட்டு எழுதிக்கொள்ளட்டும். அனுப்புகிற இடத்தை, பதில் வராமல் போகிற இடத்தை, மறுபடியும் அனுப்பலாமா என்று யோசிக்கிற இடத்தைத் தங்கள் கையாலேயே எழுதட்டும். கருவி புதிதாக எழுதும்போதெல்லாம் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கருவியைக் காட்டுவதற்கு முன்னால் கம்பியில் போகிற கடிதத்தைக் காட்டட்டும்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். அந்தப் பெண்மணி கௌண்டரில் நின்ற நேரத்தை யார் கணக்கில் எழுதினார்கள்? நேரம் மிச்சமாயிற்று என்று ஒருவன் மார்தட்டும்போதெல்லாம், அது யாருடைய நேரத்திலிருந்து மிச்சமாயிற்று என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

எழுத்து என்றால் எழுதுகிற ஒருவர் வேண்டும் என்பதைக்கூட நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், யந்திரமே எழுதட்டும். ஆனால் படிக்கிற ஒருவர் வேண்டும் என்பதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. படிக்க ஆளில்லாததை எழுத்து என்று நான் ஒப்புக்கொள்வதில்லை, அது என்னுடைய புத்தகமாகவே இருந்தாலும் சரி.